பெரியபட்டினம் பக்கம் பனையும் சுண்ணாம்பும் வைத்து உணவகம் கட்டலாமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில், பெரியபட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில், கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் உங்களுக்கு 70 சென்ட் இருக்கிறது. அதில் நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி ஓர் உணவகம் கட்ட ஆசை. பனை, ஓலை, மண், பழைய வீடுகளில் இருக்கிற கடல் கல் என்று பக்கத்தில் கிடைப்பதை மட்டும் வைத்துக் கட்ட வேண்டும், சிமென்ட் கம்பி பக்கமே போகக் கூடாது, காய்கறி அத்தனையும் அதே இடத்தில் விளைய வேண்டும் என்கிறீர்கள். "இது நடக்கிற காரியமா, இல்லை படம் எடுக்க மட்டும் நன்றாக இருக்குமா?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைத்தான் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் படித்தது சிவில். பல வருஷமாகப் பிழைப்பு இந்தக் கரையோரத்தில்தான், பெரும்பாலும் பழைய சுண்ணாம்பு வீடுகளைப் பழுது பார்ப்பது. தோட்டம் என் படிப்பு கிடையாது, அந்தப் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒரு தோட்டக்கலை அலுவலரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். என் பதில்: கட்டலாம். ஆனால் நீங்கள் யோசிக்கும் வரிசை தலைகீழாக இருக்கிறது. கூரைக்கு என்ன, சுவருக்கு என்ன என்று தொடங்கியிருக்கிறீர்கள். இந்தக் கரையில் முதலில் தண்ணீர், அப்புறம் காற்று, அதற்கப்புறம்தான் பொருள். காய்கறி முழுவதும் அங்கேயே விளையாது. சிமென்ட் இல்லாமல் முழுவதும் முடியாது, ஆனால் மிகக் குறைவாக முடியும்.

அதற்கு முன் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2019 கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கைப்படி, ஊரகக் கடற்கரையில் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2,161க்கு மேல் இருந்தால் உயர் அலைக் கோட்டிலிருந்து (ஏற்றத்தின்போது கடல் தண்ணீர் எட்டுகிற கோடு) 50 மீட்டரும், அதற்குக் கீழே இருந்தால் 200 மீட்டரும் கட்டுமானம் கூடாத பகுதி. மன்னார் வளைகுடாவை அதே அறிவிக்கை தனியாகக் குறிப்பிட்டு, மிகவும் பாதிக்கப்படக்கூடிய கடலோரப் பகுதிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஓலைக் கொட்டகைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் சர்வே எண் எந்த மண்டலத்தில் விழுகிறது என்பதைக் கடலோர மேலாண்மை வரைபடத்தில் பார்த்து எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். கடற்கரை விடுதிகளுக்கான நெறிகளில், அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரை எடுக்கவே கூடாது, 200 முதல் 500 மீட்டர் வரை நிலத்தடி நீர் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் திட்டத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு விதி பெரிதாகப் பேசும்.

ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இந்தியத் தர நிர்ணயக் கணக்கில் (ஐ.எஸ். 1172) உணவகத்துக்கு ஓர் இருக்கைக்கு நாளைக்கு 70 லிட்டர் தண்ணீர். நாற்பது இருக்கைக்கு 2,800 லிட்டர். உங்கள் கூரை மொத்தம் 200 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். ஆவியாவதும் சிந்துவதும் போக எண்பது சதவீதம் பிடித்தால் 1,28,000 லிட்டர். நாளைக்கு 2,800 என்று செலவழித்தால் அது 45 நாளைக்கு வரும். ஒரு வருஷ மழை முழுவதையும் ஒரு சொட்டு விடாமல் தொட்டியில் வைத்தால்கூட ஒன்றரை மாதம்தான். "மழைநீரிலேயே ஓடும் உணவகம்" என்று யாராவது வரைபடம் கொடுத்தால் இந்தப் பெருக்கலை அவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். ஆகவே மழைத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒதுக்குங்கள். தொட்டி எவ்வளவு பெரிது என்பதை, மழை இல்லாத மாதங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கழுவவும் கழிப்பறைக்கும் வேறு தண்ணீர் வேண்டும்.

அந்த வேறு தண்ணீர் உங்கள் மணலுக்குள் இருக்கிறது, ஆனால் மெல்லிய படலமாக. கடலோர மணலில் இறங்கும் மழைநீர், கீழே இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும்: மோட்டார் போட்டு மட்டத்தை ஓரடி இறக்கினால், உப்பு நாற்பதடி மேலே ஏறப் பார்க்கும். நிஜத்தில் இரண்டும் கலந்து கிடப்பதால் கணக்கு அவ்வளவு சுத்தமாக வராது, ஆனால் ஏறும் திசை அதுதான். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் பறித்து, ஊறி வருகிற தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். குழி முழங்கால் ஆழம்கூட இருக்காது. ஊறுகிற வேகத்துக்கு மேல் மொள்ளமாட்டார்கள், அதனால் தண்ணீர் குடிக்கிற பதத்தில் இருக்கும். அதே இடத்தில் ஆழ்துளை போட்டு இரண்டு குதிரைத்திறன் மோட்டாரை ஓடவிட்டால் சில வாரத்தில் உப்புக் கரிக்கும். உங்களுக்கு அனுமதி கிடைக்கிற தூரத்தில் இருந்தால் அகலமான, ஆழம் குறைந்த திறந்த கிணறு, அரைக் குதிரைத்திறன் மோட்டார், விட்டு விட்டு ஓடுகிற மாதிரி ஒரு டைமர். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீரைத் தெருவில் விடாமல் கிணற்றைச் சுற்றி மணலில் இறக்குங்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அப்படி ஒரு நாளில் உங்கள் கூரையில் மட்டும் 80 ஆயிரம் லிட்டர் விழும். அன்றைக்குத் தொட்டி ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும், எங்கே நிற்கும், தரைமட்டம் எவ்வளவு உயரம் என்பதுதான் பேச்சு. சாலை மட்டத்திலிருந்து மூன்றடியாவது தரையைத் தூக்குவேன். மணல் மேட்டைச் சமமாக்கி அந்த உயரத்தை எடுக்கக் கூடாது, அந்த மேடுதான் உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரே சுவர்.

சரி, தோட்டம். 70 சென்டில் கட்டடம், வண்டி நிறுத்தம், பாதை போக 35 சென்ட் மிஞ்சும் என்று வைப்போம். கீரையை மட்டும் பார்ப்போம். தண்டுக்கீரை வகைகள் நல்ல நிலத்தில் ஒரு போகத்துக்கு எக்டேருக்குப் பத்து டன் அளவில் கொடுக்கும். அதாவது ஒரு சென்டுக்கு 40 கிலோ, ஒரு மாதத்தில். நாளைக்கு எண்பது சாப்பாடு, தட்டுக்கு நூறு கிராம் பச்சைக் கீரை என்றால் தினம் எட்டு கிலோ, மாதத்துக்கு 240 கிலோ, ஆறு சென்ட். உங்கள் மண் மணல், பாத்தி மாற்றி மாற்றி விதைக்க வேண்டும், ஆகவே எட்டு சென்ட் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டு சென்டுக்கு வெயில் காலத்தில் நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் என்று மிகக் குறைவாகப் போட்டாலும் 1,600 லிட்டர் வரும். உணவகத்தின் மொத்தத் தேவையில் பாதிக்கு மேல் கீரை மட்டுமே குடித்துவிடும்! இது என் தோராயக் கணக்குதான், நிழல்வலை போட்டால் குறையும். ஆனாலும் உங்கள் தோட்டம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை நிலம் முடிவு செய்யாது, கிணறுதான் முடிவு செய்யும்.

என்ன போடுவது என்பதையும் உப்புதான் தீர்மானிக்கும். உப்பின் அளவை இ.சி. (மின்கடத்துதிறன், மீட்டருக்கு டெசிசீமன்ஸ்) என்ற எண்ணால் சொல்வார்கள். கீழே வருபவை மண்ணைத் தண்ணீரில் முழுக்க நனைத்துப் பிழிந்த சாற்றில் பார்க்கிற எண்கள், மண் ஆய்வு அட்டையில் வருவது பெரும்பாலும் வேறு முறையில் எடுத்தது, நேராக ஒப்பிடாதீர்கள். பீன்ஸும் கேரட்டும் அந்த எண் 1 தாண்டினாலே விளைச்சலில் குறைய ஆரம்பிக்கும். வெங்காயம் 1.2, மிளகாய் 1.5, தக்காளி 2.5. பீட்ரூட் 4 வரை தாங்கும், தட்டைப்பயறு கிட்டத்தட்ட 5. எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுவது கொத்தவரை, ஒன்பதுக்குப் பக்கம் வரை அசையாது. பாய்ச்சுகிற தண்ணீரின் எண்ணைவிட மண்ணில் ஒன்றரை மடங்கு ஏறும் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். ஆகவே இந்தக் கரையில் ஓர் உணவகத் தோட்டம் என்றால் என் மனதில் வருவது கொத்தவரை, தட்டைப்பயறு, முருங்கை, பருப்புக்கீரை, கறிவேப்பிலை, ஓரத்தில் சப்போட்டா, தென்னை. கொத்தவரங்காய் விற்காது என்று உங்கள் சமையல்காரர் முகம் சுளிப்பார். மோரில் ஊறப்போட்டுக் காயவைத்த வற்றலை ஒரு மீன் குழம்புச் சாப்பாட்டோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம். கடலோர உவர் நிலத்தில் தானாக வளரும் உமிரியையும் சிலர் சமைக்கிறார்கள். அது இயல்பாகவே உப்பு, வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தாளிக்க வேண்டும்.

மணலில் தண்ணீர் நிற்காது என்பதால் பாத்தியை உயர்த்திக் கட்டி, கண்மாய் வண்டலும் தொழுவுரமும் கலக்க வேண்டும். வண்டலுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். தென்னை நார்க்கழிவு கலப்பதாக இருந்தால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் போடுங்கள், அதிலேயே உப்பு இருக்கும். செடிகளுக்கு நடுவில் சுட்ட மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடிவைக்கிற பானைப் பாசனம் இந்த மண்ணுக்கு ரொம்பப் பொருத்தம். பானையின் சுவர் வழியாகக் கசிவது வேருக்குப் போகும், மேலே காய்ந்து உப்புப் பூப்பது குறையும். பானைக்கு மானாமதுரை பக்கத்திலேயே இருக்கிறது. உரத்துக்கு உங்கள் சமையலறையிலேயே மீன் செதிலும் குடலும் தினம் விழும். அதே எடைக்கு நாட்டுச் சர்க்கரை சேர்த்து மூடி போட்ட வாளியில் ஒரு மாதம் வைத்தால் மீன் அமிலம். லிட்டருக்குப் பத்து மில்லி கலந்து தெளித்தால் போதும். கரையில் ஒதுங்கும் பாசியை நேரே பாத்தியில் போடாதீர்கள், ஒரு மழையில் நனைந்து உப்பு இறங்கட்டும்.

வெங்காயம், தக்காளி, மல்லி, எண்ணெய் வெளியிலிருந்துதான் வரும். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக விளைகிறது. அதை உங்கள் மணலில் போட்டுத் தண்ணீரை வீணடிப்பதைவிட விளைவித்தவரிடமே வருஷத்துக்கான மூட்டையை வாங்கிவிடலாம். சித்திரைக்கார் அரிசியும் அப்படித்தான். மீனுக்கு வந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை 61 நாள். அந்த நாட்களில் நாட்டுப்படகு கொண்டுவருவதை வைத்துச் சமைக்கிற மாதிரி உணவுப் பட்டியலைச் சிறிதாக வைத்துக்கொண்டால் பெரிய குளிர்பதன அறையே தேவைப்படாது. கட்டடமும் அந்த அளவுக்குச் சுருங்கும்.

அடுத்தது காற்று. உங்கள் பக்கம் மன்னார் வளைகுடா, கடல் தெற்கே. கோடையின் நடுவிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று மணலையும் உப்பையும் வாரிக்கொண்டு வரும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடை. இரண்டும் ஏறக்குறைய ஒரே மூலைவிட்டக் கோட்டில் எதிரும் புதிருமாக வீசுகிற காற்று. சமையலறையைத் தென்மேற்கில் வைத்தால் பாதி வருஷம் புகை விருந்தாளியின் மேல், வடகிழக்கில் வைத்தால் மீதிப் பாதி. கோட்டுக்குக் குறுக்கே இருக்கிற மூலை இரண்டு: வடமேற்கு, தென்கிழக்கு. தென்கிழக்கு கடல் பக்கம், காட்சிக்கு வேண்டிய இடம். ஆகவே வடமேற்கு, சாலைக்கும் பக்கம், சாமான் இறக்கவும் வசதி. வாஸ்து பார்ப்பவர் அக்கினி மூலை கிடைக்காவிட்டால் வாயு மூலை பரவாயில்லை என்பார், ஆகவே வீட்டில் சண்டை வராது. பாக் விரிகுடாப் பக்கம், அரியமான் மாதிரி இடமாக இருந்தால் கடல் வடக்கே, இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்.

தெற்கே பார்த்த திறப்பில் மார்கழி வெயில்தான் உள்ளே வரும். நம் அட்சரேகையில் அப்போது நடுப்பகல் சூரியன் சுமார் 57 டிகிரி உயரத்தில் நிற்கும். ஏழடி உயரத் திறப்புக்கு நாலரை அடி இறவாரம் இருந்தால் அந்த வெயில் வாசலிலேயே நின்றுவிடும். ஆனால் நீண்ட இறவாரம் புயல் காற்றுக்குக் கைப்பிடி கொடுத்த மாதிரி. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்த கரை இது, மறக்கக் கூடாது. அதனால் தாழ்வாரக் கூரையை முதன்மைக் கூரையோடு ஒரே சட்டமாக நீட்டாமல், கொஞ்சம் கீழே இறக்கித் தனிக் கூரையாகக் கட்டுங்கள். பிய்ந்தால் அது மட்டும் போகும். கச்சானுக்கு எதிரே மதில் எழுப்ப வேண்டாம். பனை மட்டையை இடைவெளி விட்டு நட்ட வேலி காற்றைப் பாதி விட்டுப் பாதி தடுக்கும், உயரத்தின் பத்து மடங்கு தூரம் வரை உள்ளே அமைதி கிடைக்கும். முழுச்சுவருக்குப் பின்னால் காற்று சுழன்று அடிக்கும். நிலத்தில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் தோண்டி எடுத்துவிடாதீர்கள். தென்மேற்கு ஓரத்தில் ஒரு பட்டையை, உள்ளே நட்ட பூவரசும் புன்னையும் ஆள் உயரம் வரும்வரை விட்டுவைத்து அப்புறம் வேரோடு எடுங்கள். ஊரே திட்டுகிற மரத்துக்கு நான் பரிந்து பேசுவதாக நினைக்க வேண்டாம், இரண்டு வருஷக் காவல்காரன் வேலை அதற்கு நன்றாக வரும்.

கூரைக்கு வருகிறேன். முற்றிய பனை இந்தக் கரைக்கென்றே வந்த மரம். கருத்த நார் அடர்ந்த வெளிப்பகுதி உப்புக்கும் கறையானுக்கும் அசராது. உள்ளே இருக்கிற சோற்றியைச் செதுக்கி எறிந்துவிட வேண்டும், அதைச் சேர்த்து அறுத்த பனங்கையை (கூரைக்கான பனஞ்சட்டம்) வாங்கினால் பூச்சி அங்கேதான் தொடங்கும். கைநகத்தால் உள்பக்கத்தை அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பச்சைப் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள், அது நியாயமானதும்கூட. பழைய வீடு இடிக்கிற இடங்களில் பனங்கை வரும். ஐம்பது வருஷம் காற்றில் இருந்த கட்டை புதியதைவிடத் தைரியமாக நம்பக்கூடியது. ஆணி அடிக்கும் முன் துளை போட வேண்டும். சாதாரண இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304 ரகம் கடற்காற்றில் பழுப்புப் புள்ளி விடும், 316 கேட்டு வாங்குங்கள்.

ஓலை விஷயத்தில் உங்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். பனையோலைக் கூரைக்குக் கீழே இருக்கிற குளிர்ச்சிக்கு இணை கிடையாது. ஆனால் 2004இல் கும்பகோணத்தில் சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். அடுப்பு எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஓலை என்ற பேச்சே வேண்டாம். என் யோசனை இது: சமையலறைக்குக் கான்கிரீட் தளம். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பனங்கை மேல் ஓடு, நாலு பக்கமும் சரிவு, முப்பது டிகிரி அளவில், காற்று பிடித்துத் தூக்காமல் இருக்க. ஓலை, தோட்டத்துக்குள் தள்ளி இரண்டு மூன்று சின்னக் குடில்களுக்கு மட்டும், 45 டிகிரிக்குக் குறையாத சரிவில். சமையலறைக்கும் ஓலைக்கும் நடுவே குறைந்தது முப்பதடி வெட்டவெளி. ஓட்டுக் கூரையிலும் தளத்திலும் விழுகிற மழையைப் பிடிக்கலாம், ஓலையில் விழுவது பழுப்பாக வரும், அது செடிக்கு. குடில் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள்: சுற்றுவட்டாரத்தில் கூரை மேயத் தெரிந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன வயது என்று விசாரியுங்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை மேய வேண்டிய கூரை அது. மேய ஆள் இல்லாத ஊரில் ஓலைக் கூரை வைத்தால், அடுத்த முறை அதன் மேல் தார்ப்பாய் ஏறும். சாயல்குடிப் பக்கம் பனை ஏறுபவர்கள் இருக்கிறார்கள், ஓலையும் நாரும் ஆளும் சேர்ந்தே கிடைக்கும்.

சுவருக்குக் கடல் கல் கேட்டிருந்தீர்கள். அதற்கு மட்டும் முடியாது என்று உறுதியாகவே சொல்ல வேண்டும். கீழக்கரையிலும் பாம்பனிலும் பழைய சுவர்களில், தனுஷ்கோடி மாதா கோயில் இடிபாட்டில் நீங்கள் பார்க்கிற அந்தத் துளைத் துளையான கல் பவளப்பாறை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கிறது, எடுத்தாலும் வாங்கினாலும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டதற்கு, சுற்றியிருந்த பாறையை வெட்டி எடுத்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பக்கத்தில் கிடைக்கிறது என்பதாலேயே ஒரு பொருள் நல்லது ஆகிவிடாது. இந்தக் கரையில் கைக்கு எட்டும் கல் இது ஒன்றுதான், இதைத்தான் தொடக் கூடாது. அடித்தளத்துக்கும் தரைமட்டம் வரைக்கும் கருங்கல் வெளிமாவட்டத்திலிருந்து லாரியில்தான் வர வேண்டும், வரட்டும். அதன் மேல் ஓதம் ஏறாத ஒரு தடுப்பு அடுக்கு, அதற்கு மேல் செங்கல், எலிப்பொறிக் கட்டில், அதாவது கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. செங்கல்லில் கால்வாசி மிச்சமாகும், நடுவில் இருக்கும் வெற்றிடம் வெயிலையும் தடுக்கும்.

செங்கல்லை வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். ஒரு தட்டில் ஓரங்குலம் மழைத் தண்ணீர் ஊற்றி, கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். தண்ணீர் முழுவதும் உறிஞ்சிக் காய்ந்ததும் இன்னொரு முறை ஊற்றிக் காயவிடுங்கள். கல்லின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதன் மண்ணிலேயே உப்பு இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு பரப்புக்குள் என்றால் பரவாயில்லை, பாதிக்கு மேல் என்றால் அந்தச் சூளையே வேண்டாம். இந்த உப்பு சிமென்ட் பூச்சுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பூச்சைத் தள்ளிப் பொரிய வைக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், உப்பு மேலே வந்து உதிரும், துடைத்துவிட்டு ஒரு கை வெள்ளையடித்தால் போதும். கடலோரத்தில் நான் சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம் பழமை மேல் உள்ள பாசம் இல்லை, பழுது பார்க்க முடிகிறது என்பதுதான்.

ஆனால் கிளிஞ்சல் சுண்ணாம்பு தானாகச் சட்டென்று இறுகாது, காற்றுப் பட்டு மெதுவாகத்தான் இறுகும். செங்கல் தூள் சேர்த்தால் பிடிப்பு வரும். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்துத் தண்ணீருக்கடியில் இரண்டு வாரமாவது வைக்க வேண்டும், கடுக்காயை இடித்துக் கருப்பட்டியோடு ஊறவைத்த தண்ணீரில் குழைக்க வேண்டும், பூசிய சுவரைச் சாக்கு கட்டி நிழலில் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாக முடித்துக் கொடுக்கிறேன் என்கிற மேஸ்திரியிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கிளிஞ்சல் எங்கிருந்து வந்தது, பவளம் கலந்து சுட்டதா என்றும் கேளுங்கள். மண்கல் பற்றி எழுதியிருந்தீர்கள். ஐந்து சதவீத சிமென்ட் கலந்து அழுத்திச் செய்யும் கல்லுக்குச் சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் என்கிற அளவில் மண் வேண்டும். உங்கள் இடத்தில் களியே இல்லை, உள்ளே போனால் கரிசல், அது வெடிக்கும். வெளிமண் கொண்டுவந்து செய்யலாம்தான், ஆனால் அப்போது செங்கல்லைவிட லாபம் என்ன என்பது எனக்குச் சந்தேகம். உள் தடுப்புச் சுவர்களுக்கு வேண்டுமானால் முயன்று பாருங்கள்.

கான்கிரீட்டைச் சமையலறைத் தளம், தூண் அடிகள், சுவர்களைச் சுற்றி மேலே ஒரு கட்டுப் பட்டை, இவற்றோடு நிறுத்தலாம். போடுகிற இடத்தில் முறையாகப் போடுங்கள்: கடற்கரைச் சூழலுக்கு ஐ.எஸ். 456 சொல்வது எம்30 கலவை, கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடல். வழக்கமாக வீடுகளில் விடும் இருபது இருபத்தைந்து இங்கே பத்து வருஷம் தாங்காது. கடல் மணல் ஒரு சட்டிகூடக் கலக்கக் கூடாது. சூரிய மின்தகடும் இந்தத் தளத்தின் மேலேயே உட்காரட்டும்.

கழிவுநீர்க் குழியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. மணலில் உறிஞ்சு குழி தோண்டினால் அது நேரே உங்கள் கிணற்றுக்குத்தான் போகும், தண்ணீர் மட்டம் அவ்வளவு மேலே. அடி பூசிய, கசியாத தொட்டி, அதற்கப்புறம் தரைக்கு மேல் உயர்த்திக் கட்டிய, தண்ணீரை வடிகட்டக் கல்வாழை நட்ட படுகை, கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. பாத்திரம் கழுவும் தண்ணீரை எண்ணெய்ப் பொறி வழியாக விட்டுத் தென்னைக்கும் முருங்கைக்கும் பாய்ச்சலாம், கீரைக்குக் கூடாது. கடல் பக்கம் விளக்கு வைத்தால் மஞ்சள் நிறத்தில், தரையைப் பார்த்து, மறைப்போடு வையுங்கள். பங்குனி ஆமை முட்டையிடும் கரை இது, குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிவிடும்.

வரைபடம் போடுவதற்கு முன், பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வைகாசியில் ஒரு முறையும் மழை ஓய்ந்த பிறகு தையில் ஒரு முறையும் ஆய்வுக்குக் கொடுங்கள். அந்த இரண்டு இ.சி. எண்ணும், அலைக் கோட்டிலிருந்து உங்கள் எல்லைக்கு எத்தனை மீட்டர் என்பதும் தெரிந்தால் கேள்விக்குக் கீழே எழுதுங்கள், கிணறு, சமையலறை, தோட்டம் மூன்றும் எங்கே உட்காரலாம் என்று குறித்துக் காட்டுகிறேன்.